தடுப்புக்குப் பின்னால் ஒரு காகிதம்

எங்கள் வேலையில் ஒருவரை அவமானப்படுத்த அவரைத் திருடன் என்றோ முட்டாள் என்றோ சொல்ல வேண்டியதில்லை. உன் தொட்டி சுத்தமில்லை என்று சொன்னால் போதும். அந்தப் பேச்சு ஒட்டினால் போகாது. என்மேல் ஒன்பது வருடம் ஒட்டியிருந்தது.

தொட்டி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு முழ நீளம், ஒரு விரல் ஆழம், வெள்ளை டெஃப்லானில் குடைந்தது. அதில் தண்ணீர் நிரப்பி, தண்ணீரின் முகத்தில் ஊசியால் சொட்டுச் சொட்டாகக் கொழுப்பை வைப்போம். பன்றி நுரையீரலிலிருந்து கழுவி எடுத்த கொழுப்பு. வியாழக்கிழமைகளில் இறைச்சிக்கூடத்திலிருந்து வாளியில் நுரையீரல் வந்து இறங்கும், சூடுகூட ஆறியிருக்காது. அந்தக் கொழுப்பு தண்ணீர்மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் பரவும். பிறகு ஒரு பக்கத்திலிருந்து ஒரு தடுப்பு மெல்ல நகர்ந்து வந்து படலத்தை நெருக்கும். அது மூச்சு விடுவது. தடுப்பு பின்வாங்கும். அது மூச்சு இழுப்பது. தண்ணீரில் நுனி நனையத் தொங்கும் ஒரு சின்னக் காகிதத் துண்டு, நீரின் முகம் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று எடை போட்டுச் சொல்லும். திரையில் கோடு ஏறி இறங்கி ஒரு வளையமாகும். அதைப் பார்த்துக்கொண்டே இருபது வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் நெஞ்சுக்குள்ளும் இப்போது அதுதான் நடக்கிறது. நுரையீரலின் சிற்றறைகள் உள்ளே ஈரமானவை. ஈரம் தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். இந்தக் கொழுப்புப் படலம் இல்லாவிட்டால் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் அறைகள் ஒட்டிக்கொள்ளும்; குறைமாதக் குழந்தைகள் திணறுவது அதனால்தான். படலத்தில் கொஞ்சமே கொஞ்சம் புரதமும் உண்டு. அதில் பி என்று பெயர் வைத்த ஒன்றோடுதான் என் வாழ்க்கை போயிற்று. மூச்சு விடும்போது படலத்துக்கு இடம் போதாமல் அது மடிந்து கீழே தொங்கும். அந்த மடிப்பைக் கொக்கிபோலப் பிடித்து வைத்திருப்பது பி. மூச்சு இழுத்ததும் மடிப்பு விரியும். எதுவும் தொலையாது. திரையில் வளையம் தொடங்கிய இடத்திலேயே வந்து மூடும். எழுபது முறை அளந்தேன், எழுபது முறையும் மூடியது.

எவர்ட் க்ரானன்போர்க் அப்படிச் சொல்லவில்லை. அவனும் நானும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள், ஒரே மேசையில் ரொட்டிப் பெட்டியைத் திறந்தவர்கள். பி ஒரு கொக்கி அல்ல, ஒரு வாசல் என்றான் அவன். நெருக்கும்போது அது வேண்டாத கொழுப்பைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும், போனது போனதுதான் என்றான். இரண்டு பேரும் சரியாக இருக்க முடியாது. ஒன்பது வருடத்துக்கு முன் பேராசிரியர் இடம் ஒன்று காலியாக இருந்தது. இரண்டு பேரும் விண்ணப்பித்திருந்தோம்.

டிசம்பர் ஐந்தாம் தேதி, எங்கள் நாட்டில் பரிசு மாற்றிக்கொள்ளும் சின்டர்கிளாஸ் பண்டிகை மாலை. எங்கள் கட்டடத்து உணவறையில் வழக்கம்போல் எல்லோரும் கூடியிருந்தோம். சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் என்று யாருக்கும் தெரியாமல் பரிசு செய்து, கூடவே கேலிக் கவிதை ஒன்றும் எழுதி வைப்பார்கள். பெயர் போட மாட்டார்கள். கவிதையை வாங்கினவரே எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும், படித்துவிட்டுச் சிரிக்கவும் வேண்டும். முகம் சுளித்தால் அது கவிதையைவிடக் கேவலம்.

எனக்கு வந்தது காகிதக் கூழில் செய்த நுரையீரல், இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தது. உடைத்தேன். உள்ளே பாத்திரம் துலக்கும் சோப்புப் புட்டி. புட்டியின் கழுத்தில் கட்டியிருந்த தாளை எடுத்துப் படித்தேன்.

நுரையீரலில் கொக்கி கண்டாள் ஹிஸ்கா,
நுரை மட்டுமே நிஜம் என்றது தண்ணீர்.
கரைந்தது புரதமா, கழுவாத சோப்பா?
விரைந்து போய்த் தொட்டியைத் துலக்கிவிட்டு வா.

நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோப்பின் மிச்சம் தொட்டியில் இருந்தால் அளவு தப்பிப் போகும், போலி வளையம் வரும் என்பது முதலாமாண்டு மாணவனுக்கும் தெரியும். அதனால் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் எவர்ட் வந்து என் தோளைத் தட்டினான்.

“கோவமில்லையே? நான்தான் எழுதினேன். நுரைன்னு ரெண்டு தடவை வர்ற மாதிரி அமைக்க ஒரு முழு ஞாயித்துக்கிழமை ஆச்சு, தெரியுமா?”

“நல்லா இருந்துச்சு,” என்றேன்.

ஜனவரியில் தேர்வுக் குழு முன்னால் உட்கார்ந்தேன். ஐந்து பேரில் மூன்று பேர் அன்று உணவறையில் இருந்தவர்கள். தலைவர் என் கோப்பைத் திறப்பதற்கு முன்பே புன்னகைத்தார்.

“முதல்ல ஒரு சின்னக் கேள்வி, ஹிஸ்கா. தொட்டியைத் துலக்கியாச்சா?”

ஐந்து பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. இடம் எவர்ட்டுக்குப் போயிற்று. எனக்குப் பெயர் மட்டும் கிடைத்தது. புதிதாக வரும் மாணவர்கள்கூட, யாரென்று கேட்டால், ‘ஓ, சோப்பு மேடமா’ என்பார்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல்.

நாற்காலி போனது போகட்டும். எனக்கு வேண்டியது வேறு. எவர்ட் தன் வாயால், ஆட்கள் கேட்கும்படி, ‘அது சோப்பு இல்லை’ என்று சொல்ல வேண்டும். மூன்று சொல். அதற்காக ஒன்பது வருடம் காத்திருந்தேன். டெல்ஃப்ட் மாதிரி வேறு ஊருக்கு வேலை மாறிப் போயிருக்கலாம், அழைப்பும் வந்தது. போகவில்லை. போனால் அவன் சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேனே.

இந்த வருடம் பிப்ரவரியில் அவனே வந்து கதவைத் திறந்தான்.

“ஹிஸ்கா, நம்ம யெல்மர் ஆய்வேட்டை முடிச்சுட்டான். மதிப்பீட்டுக் குழுவுல நீ இருக்கணும். படலத்தை உன்ன மாதிரிப் படிக்கிற கண்ணு இந்தக் கட்டடத்துல இல்ல. பழசெல்லாம் போகட்டும்.”

“என்னையா கூப்பிடுற?”

“கையைக் கழுவிட்டு வந்தாப் போதும்,” என்று சொல்லிச் சிரித்தான்.

யெல்மர் ஹூக்ஸ்ட்ரா அவனுடைய மாணவன். இருபத்தெட்டு வயது. பால் பண்ணை வீட்டுப் பையன், ஆறடிக்கு மேல் உயரம், தொட்டிமுன் குனிந்து குனிந்து முதுகு வளைந்துவிட்டது. காலையில் எனக்கு முன்பே வந்து தண்ணீர் வடிகட்டி வைப்பான். அவனுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் எவர்ட்டின் வாசலைத்தான் தூக்கி நிறுத்தியது. ஒவ்வொரு முறை நெருக்கி விரிக்கும்போதும் வளையம் மூடாமல் கொஞ்சம் இடப்பக்கம் நகர்கிறது. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் படலம் தொலைகிறது. பார், பி வெளியே தள்ளுகிறது என்று எழுதியிருந்தான்.

மார்ச் பத்தாம் தேதி நான் பின்னிணைப்பில் இருந்தேன். பின்னிணைப்பை யாரும் படிக்க மாட்டார்கள். அங்கே ஏழாவது படம், புரதம் கலக்காத வெறும் கொழுப்புப் படலம். ஒப்பிடுவதற்காக ஒழுங்காகச் செய்து, ஒழுங்காக அச்சிட்டிருந்தான். அந்த வளையமும் இடப்பக்கம் நகர்ந்தது. அதே அளவு.

ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அது பாலத்தைத் தாண்டும்வரை நான் அசையவில்லை. புரதமே இல்லாத படலமும் அதே அளவு தொலைகிறது என்றால், தள்ளுவது புரதம் அல்ல. யாரும் எதையும் தள்ளவே இல்லை. தொட்டி கசிகிறது. தடுப்பின் ஓரத்தில், டெஃப்லானும் டெஃப்லானும் தொடும் மூலையில், படலம் ஊர்ந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை டீனக்காவைக் கூட்டிக்கொண்டு எவர்ட்டின் ஆய்வகத்துக்குப் போனேன். டீனக்கா எங்கள் கருவிகளுக்கெல்லாம் பொறுப்பானவள். எல்லாச் சாவியும் அவள் இடுப்பில் இருக்கும். யெல்மரின் தொட்டியில் யெல்மரின் கொழுப்பையே பரப்பினோம். வழக்கமான காகிதத்தைப் படலத்தின் பக்கம் தொங்கவிட்டேன். இன்னொரு காகிதத்தைத் தடுப்புக்குப் பின்னால், வெறும் தண்ணீர் இருக்க வேண்டிய பக்கத்தில் தொங்கவிட்டேன். அந்தப் பக்கம் கோடு அசையவே கூடாது. தடுப்பு நெருக்க நெருக்க, அது ஏறியது.

டீனக்கா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அடிப்பாவி. சிரிக்கிற.”

“சிரிக்கலையே.”

“பல்லு தெரியுது. பாவம்டி அந்தப் பையன். போய்ச் சொல்லிடு.”

“சொல்லுவேன்.”

“எப்ப?”

“ஜூன்ல. அரங்கத்துல, எல்லார் முன்னாடியும் அவன் ஏட்டுக்காக வாதாடுறப்ப.”

அவள் தொட்டியைக் காலி செய்து துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். “என்கிட்ட யாராச்சும் கேட்டா நான் இன்னைக்கு மார்க்கெட்ல இருந்தேன். மீன் வாங்கிட்டு இருந்தேன்,” என்றாள்.

மதிப்பீட்டுப் படிவத்தில் இரண்டே கட்டம். இந்த ஏடு வாதத்துக்குத் தகுதியானது, தகுதியற்றது. இரண்டாவதைத் தொட்டால் ஏடு ஓசையில்லாமல் எவர்ட்டிடம் திரும்பிப் போகும். மூன்று வாரத்தில் சரிசெய்துவிடுவார்கள். வாசல் பின்வாசல் வழியாக வெளியேறும், ஒருவருக்கும் தெரியாது. முதல் கட்டத்தில் குறி போட்டேன். தேதி எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்கு அடுத்த வாரங்களில் யெல்மரைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொன்னேன். ஒருநாள் அட்டைப்படத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு துளி நீர், அதன்மேல் வானம். “அழகா இருக்கு,” என்றேன். பொய் இல்லை.

ஜூன் பதினாறு, மதியம் இரண்டேகால் மணி. அரங்கம் நிறைந்திருந்தது. கோலேந்திய கட்டியக்காரர் முன்னே நடக்க, நாங்கள் இரண்டிரண்டு பேராக உள்ளே போனோம். பேராசிரியர்களுக்குக் கறுப்பு அங்கி, வெல்வெட் தொப்பி. பேராசிரியர் ஆகாதவர்கள் அங்கி போட முடியாது. அத்தனை கறுப்புக்கு நடுவில் நான் மட்டும் கருநீலக் கோட்டில் இருந்தேன். யெல்மர் வால் வைத்த கோட்டு போட்டுக்கொண்டு நின்றான், வாடகைக்கு எடுத்தது, கை எட்டவில்லை. அவனுக்கு இருபுறமும், வழக்கப்படி, துணைக்கு இரண்டு நண்பர்கள். முன்வரிசையில் அவன் அம்மா, வெயிலில் சிவந்த கழுத்து, மடியில் இரண்டு கையையும் கோர்த்து வைத்திருந்தாள்.

சரியாக நாற்பத்தைந்து நிமிடம். அதற்குள் ஏழு பேர் கேட்க வேண்டும். நேரம் முடிந்ததும் கட்டியக்காரர் கதவைத் திறந்து, கோலைத் தரையில் தட்டி, ‘ஹோரா எஸ்ட்’ என்பார். நேரம் ஆயிற்று. அந்தச் சொல் விழுந்தால் பாதி வாக்கியத்திலும் வாயை மூடிவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் முதலில், பேராசிரியர்கள் அடுத்து, நான் கடைசி.

ஒவ்வொருவரும் கேட்கும்போது மாணவன் பட்டத்துக்கு ஏற்றபடி விளிக்க வேண்டும். பேராசிரியருக்கு ‘உயரக் கற்ற வினாவாளரே’. மற்றவருக்கு ‘மிகக் கற்ற வினாவாளரே’. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவிலுள்ள தூரத்தை நான் ஒன்பது வருடமாக அளந்துகொண்டிருக்கிறேன்.

பெல்ஜியத்திலிருந்து வந்தவர் பாராட்டுவதற்கே நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். அட்டைப்படத்தைப் பாராட்டினார். நன்றியுரையைப் பாராட்டினார். குழந்தை மருத்துவப் பேராசிரியை தன் வார்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு, கேள்வியை மறந்து, மன்னிப்புக் கேட்டு, வேறு கேட்டாள். மேடைமேலிருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. தலைமை வகித்தது சட்டத்துறைப் பேராசிரியை ஆல்பெர்டா நீன்ஹவுஸ். அவர் என் பெயரைச் சொன்னபோது நான்கு நிமிடம் மிச்சமிருந்தது.

போதும். என் கேள்விக்குப் பத்து நொடி போதும்.

“பட்டம் நாடுபவரே, பின்னிணைப்பில் ஏழாவது படத்தைத் திறந்துகொள்ளுங்கள். புரதம் இல்லாத படலமும் அதே அளவு நகர்கிறது. அளக்கும்போது தடுப்புக்குப் பின்னால் ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தீர்களா?”

நான் பார்த்துக்கொண்டிருந்தது யெல்மரை அல்ல, எவர்ட்டை. அவன் கை நான்காம் அத்தியாயத்திலிருந்து மெல்லப் பின்பக்கம் போயிற்று. பக்கம் திரும்பியது. தொப்பியின் கீழே அவன் நெற்றி வெளுத்தது. படலம் அழுத்தம் தாங்காமல் மடியும் கணம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கோடு மட்டும் சொல்லும். அன்று நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அறிவியல் தெரிந்தவர்கள் நாற்பது பேராவது அங்கே இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் புரிந்துகொள்ளும் சத்தம்கூட எனக்குக் கேட்டது, தாள்கள் புரளும் சத்தம்.

“மிகக் கற்ற வினாவாளரே,” என்றான் யெல்மர். நிறுத்தினான். படத்தைப் பார்த்தான். “இல்ல. தொங்கவிட்டுப் பார்க்கல.”

அவன் விரல் அந்த வளையத்தின்மேல் ஓடியது.

“நீங்க சொல்றது சரின்னுதான் தோணுது. கசியுது. இதை நான்தான் அளந்தேன், நான்தான் இங்க போட்டேன். போட்டுட்டு நானே சரியாப் பார்க்கல. இதைப் பார்த்தா நாலாவது அத்தியாயம் நிக்காது.”

அத்தோடு விடாமல் அவன் நிமிர்ந்தான். முதல் முறையாக அந்த முதுகு நேரானதைப் பார்த்தேன்.

“அவைத் தலைவரே, நான் ஒண்ணு கேட்கலாமா?”

மாணவன் கேட்கும் வழக்கம் இல்லை. நீன்ஹவுஸ் புருவத்தை உயர்த்தினார். தலையசைத்தார்.

“மிகக் கற்ற வினாவாளரே, மார்ச்ல உங்க கைக்கு வந்த பிரதியிலயும் இந்தப் படம் இருந்துச்சு. அப்பவே பார்த்தீங்களா?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒன்பது வருடத்தில் எவர்ட் எந்தெந்த விதமாகத் தப்பிப்பான் என்று நூறு விதம் யோசித்திருந்தேன். நானே கையெழுத்துப் போட்ட ஏட்டை நானே கவிழ்க்கிறேன் என்பதை யோசிக்கவில்லை. இல்லை, நேற்றுத்தான் பார்த்தேன் என்று சொல்லலாம். சொன்னால் நான் ஏட்டைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டவள். எவர்ட்டின் உதட்டோரம் அதற்குள் தயாராகிக்கொண்டிருந்தது. மறுபடியும் அசுத்தமான கை.

“பார்த்தேன்,” என்றேன். “மார்ச் பத்தாம் தேதி. அந்தச் சனிக்கிழமையே உங்க தொட்டியில அளந்தும் பார்த்தேன்.”

“அப்புறம் ஏன் சரின்னு கையெழுத்துப் போட்டீங்க?”

கதவு திறந்தது. கோல் தரையில் இடித்தது. “ஹோரா எஸ்ட்.”

எழுந்தோம். யெல்மர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பதில் சொல்ல வேண்டிய கடமை அந்த இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. அதற்காக நான் நன்றியோடு இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அரங்கத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நீள்மேசை, சுவரில் இறந்துபோன பேராசிரியர்கள். மேசைமேல் பட்டச் சான்றிதழ், மையூற்றிய பேனா. எவர்ட்டும் குழுவினர் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் வெளியே போய்ப் பட்டம் தர முடியும். கதவைச் சாத்தினதும் எவர்ட் தொப்பியைக் கழற்றி மேசையில் எறிந்தான்.

“மூணு மாசம். மூணு மாசம் வாயை மூடிட்டு இருந்திருக்கா.”

“உக்காரு, எவர்ட்,” என்றார் நீன்ஹவுஸ். “எனக்கு மூச்சைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கையெழுத்தைப் பத்தித் தெரியும். ஒரு அத்தியாயம் தப்பா இருந்தாப் பட்டம் நிக்குமா, நிக்காதா?”

“நிக்கும்,” என்றாள் குழந்தை மருத்துவப் பேராசிரியை. “மத்த நாலு அத்தியாயமும் நல்லா இருக்கு. தப்பை ஒத்துக்கிட்ட விதத்துக்கே இன்னொரு பட்டம் குடுக்கலாம்.”

“எங்க ஊர்ல இதுக்கு நேரமே குறிக்க மாட்டோம்,” என்றார் பெல்ஜியக்காரர். “சாயங்காலம்வரை சண்டை போடலாம்.” யாரும் சிரிக்கவில்லை.

பேனா சுற்றி வந்தது. எவர்ட் போட்டான். மற்றவர்கள் போட்டார்கள். கடைசியில் என்னிடம் வந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டேன்.

“சோப்பு இல்லைன்னு சொல்லு, எவர்ட். போடுறேன்.”

“என்ன?”

“கேட்டுச்சு உனக்கு.”

“ஹிஸ்கா,” என்றார் நீன்ஹவுஸ், “அந்தப் பையன் வெளியில நின்னுட்டு இருக்கான். அவங்க அம்மா இருக்காங்க.”

“தெரியும்.”

“இதுக்குப் பேரு மிரட்டல்,” என்றான் எவர்ட்.

“ஆமா.”

எவர்ட் ஜன்னலைப் பார்த்தான். பிறகு, ரொட்டிமேல் வெண்ணெய் வேண்டுமா என்று கேட்கும் குரலில் சொன்னான்: “சரி. அது சோப்பு இல்ல. போதுமா?”

போதவில்லை. இத்தனை வருடம் அந்த மூன்று சொல் என் காதில் எப்படி விழும் என்று கற்பனை செய்திருந்தேன். விழுந்தபோது அது ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

கட்டியக்காரர் கதவைத் தட்டினார். மக்கள் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாம் முறை தட்டினார்.

“நவம்பர்லேர்ந்து,” என்றான் எவர்ட்.

“எந்த நவம்பர்?”

“கவிதைக்கு முந்தின மாசம். உன் கொழுப்புப் புட்டியிலேர்ந்து கொஞ்சம் எடுத்து என் தொட்டியில ஓட்டிப் பார்த்தேன். வளையம் மூடிச்சு. மூணு தடவை ஓட்டினேன். மூணு தடவையும் மூடிச்சு.”

“அப்ப ஏன் எழுதின?”

அவன் தோளைக் குலுக்கினான். “எதுகை நல்லா அமைஞ்சுடுச்சு.”

குழந்தை மருத்துவப் பேராசிரியை மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பெல்ஜியக்காரர் தன் தொப்பியைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

“இந்த அறையில பேசினது இந்த அறையோட,” என்றார் நீன்ஹவுஸ், எழுந்துகொண்டே. “இது வேண்டுகோள் இல்ல, விதி. அதுக்கு எல்லாரும் கட்டுப்பட்டுத்தான் இங்க உக்காந்திருக்கோம்.”

வெளியே எவர்ட் யெல்மருக்குப் பட்டத்தைத் தந்து புகழுரை வாசித்தான். நன்றாகவே வாசித்தான். பண்ணையிலிருந்து கறந்த பாலோடு வந்த முதல் நாளைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

பிறகு கீழே வரவேற்பு. மதுக்கோப்பை, சூடான இறைச்சி உருண்டைகள், கடுகு, வாழ்த்துச் சொல்ல நீண்ட வரிசை. நானும் வரிசையில் நின்றேன். நிற்காமல் போயிருக்கலாம். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், இடம் விட்டார்கள். என் முறை வந்தது. யெல்மர் கையை நீட்டினான், நான் பிடித்தேன்.

“மார்ச்லயே ஒரு வரி மெயில் போட்டிருந்தீங்கன்னா,” என்றான், மெல்லிய குரலில், “மூணு வாரத்துல திருப்பி அளந்திருப்பேன்.”

“தெரியும்.”

“முன்னூறு பிரதி அச்சடிச்சாச்சு. அம்மா இருபது எடுத்துட்டுப் போறாங்க, சொந்தக்காரங்களுக்குக் குடுக்க.”

“அந்த அத்தியாயத்தைத் திருத்தறதுக்கு நான் கூட இருந்து...”

“வேண்டாம், டாக்டர் டோல்ஸ்மா.”

நான்கு வருடமாக அவன் என்னை ஹிஸ்கா என்றுதான் கூப்பிடுவான்.

ஆகஸ்டில் எனக்குக் கடிதம் வந்தது. மூன்று வருடம் எந்த மதிப்பீட்டுக் குழுவிலும் நான் உட்காரக் கூடாது. நியாயம்தான். நான் எதிர்க்கவில்லை. யெல்மர் தொட்டியின் மூலையைச் சரிசெய்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தான். வளையம் மூடியது. திருத்தத்தை வெளியிட்டான். மூன்று பக்கம், நேர்மையான எழுத்து. அதில் என் பெயர் இல்லை. இரண்டாவது ஆசிரியராக எவர்ட்டின் பெயர் இருந்தது. அக்டோபரில் ஒரு மாநாட்டில் எவர்ட் மேடையேறி, படலத்தின் மடிப்பைப் பி பிடித்து வைத்திருக்கும் விதத்தை எங்கள் குழு தெளிவாக்கிவிட்டது என்று பேசினான். கொக்கி என்ற சொல்லையே பயன்படுத்தினான். கைதட்டினார்கள். பின்வரிசையில் யாரோ தன் பக்கத்துப் பெண்ணிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அவள் என் கைகளைப் பார்த்தாள்.

டீனக்காவிடம் சொன்னேன். அவள் காபி இயந்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“விடுடி. உள்ள சொன்னான்ல?”

“உள்ளதான் சொன்னான்.”

“ஏழு பேர் கேட்டாங்கல்ல?”

“கேட்டாங்க. ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.”

“நீ சொன்னா, வேலையே போகும்.”

“போகலாம்.”

அவள் காபியை என் கையில் தந்தாள். “அன்னைக்கு நான் மீன் வாங்கிட்டு இருந்தேன். அதை மட்டும் மாத்திடாத,” என்றாள். மன்னித்துக்கொள், டீனக்கா. எல்லாவற்றையும் எழுதினால்தான் நம்புவார்கள்.

எங்கள் பல்கலைக்கழக வார இதழின் ஆசிரியர் நீளம் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். எனவே இதை அவருக்கு அனுப்புகிறேன், தேதிகளோடு, பெயர்களோடு, அந்த நான்கு வரிக் கவிதையோடு. அறையின் விதியை மீறியதற்கு இன்னொரு கடிதம் வரும். வரட்டும். இந்த முறை அவர்கள் என் குற்றத்தை விவரமாக எழுதியாக வேண்டும். ஜூன் பதினாறாம் தேதி, மூடிய அறைக்குள், பேராசிரியர் எவர்ட் க்ரானன்போர்க் சொன்ன எதை நான் வெளியே கொண்டுவந்தேன் என்று, பல்கலைக்கழக முத்திரையின் கீழ், சொல்லுக்குச் சொல்.